பன்னெண்டாரும் ஒன்பதாவது ஸ்லைடும்

கடைசி வரிசையில், தூணை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒரு அம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பாக நினைத்துவிடாதீர்கள். அந்த அம்மாள் சுவரில் மாட்டியிருக்கும் டிவியைப் படித்துக்கொண்டிருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம், அதனால் உதடு அசைகிறது. இவருடைய கைக்கடிகாரம் மணிக்கட்டில் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது. "சொட்டு மருந்து போட்ட பிறகு வண்டி ஓட்டாதீர்கள்" என்று தொடங்கும் ஸ்லைடு. கடைசி வரியில் அம்மாளின் உதடு நிற்கும்போது விநாடி முள் பதினோராவது விநாடியைத் தொடுகிறது. ஸ்லைடு பன்னிரண்டில் மாறுகிறது. இவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து "11" என்று குறித்துக்கொண்டு, அடுத்த வாயைத் தேடத் தொடங்குகிறார்.

சம்பளப் பட்டியலில் இவருக்கு வேறு பெயர் இருக்கிறது. இந்தக் கண் ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. வாசல் காவலாளி முதல் மாடியில் உட்காரும் கணக்கர்வரை எல்லாருக்கும் இவர் பன்னெண்டார். வயது ஐம்பத்திரண்டு. பதிவுப் பிரிவில் எழுத்தர். பையில் மூன்று பேனா குத்தியிருப்பார், எழுதுவது ஒன்றுதான். காத்திருப்புக் கூடத்து டிவியைப் பார்த்துக்கொள்வது இவர் வேலையில் சேர்த்தி இல்லை. இவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. மொத்தம் இருபத்திரண்டு ஸ்லைடு, ஒவ்வொன்றும் பன்னிரண்டு விநாடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. காலை எட்டு மணிக்குச் சுற்றத் தொடங்கினால் மாலை நாலு மணிக்குள் நூற்றொன்பது சுற்று. இதை நான் கணக்குப் போடவில்லை, கேட்காமலே அவர் சொன்னார்.

டிவிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. அதற்குள் கம்ப்யூட்டர். பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி இவரிடம். யாராவது வாய் தவறி "அது எப்படிண்ணே தானா மாறுது?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்குக் கேட்டவர் மதியச் சாப்பாடு கோவிந்தா.

"மூணே டிக்குதாங்க. தட்டினா மாறுங்கிற டிக்க முதல்ல எடுத்துடணும். அப்புறம் இத்தனை செகண்டுல மாறுன்னு போட்டு, அதுக்கு ஒரு டிக். கடைசியா, எஸ்கேப்ப அமுக்கற வரைக்கும் சுத்திக்கிட்டே இருன்னு ஒரு டிக். உலகத்துல பாதிப் பேரு அந்த முதல் டிக்க எடுக்க மறந்துடறான். அங்கதான் குட்டிச்சுவராப் போறது."

இவர் அதையும் தாண்டிப் போனவர். பெட்டிக்குப் பூட்டு போடாத காலத்தில், யாரோ ஒரு அம்மா தன் கைப்பையை மௌஸின் மேல் வைத்துவிட்டு உட்கார, இருபத்திரண்டு ஸ்லைடும் அரை நிமிடத்தில் பறந்தன. அன்றிலிருந்து தட்டினாலும் தடவினாலும் அசையாத ஒரு அமைப்பைத் தேடிப் பிடித்துப் போட்டுவைத்திருக்கிறார். எஸ்கேப் பொத்தான் ஒன்றுக்குத்தான் அது கட்டுப்படும்.

பன்னிரண்டு என்ற கணக்கு சும்மா வந்துவிடவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் கண்பாப்பா விரிந்துகொள்ளும், எழுத்து மங்கும், வெளிச்சம் குத்தும். அதனால் இவர் ஸ்லைடில் வெள்ளைப் பின்னணி கிடையாது, வெளிறிய மஞ்சள்தான். ஒரு ஸ்லைடுக்கு ஐந்து வரி, ஒரு வரிக்கு நாலு வார்த்தை. மூன்று மாதம் முந்நூறு வாய்களைப் பார்த்து நேரம் குறித்திருக்கிறார். வேகமாகப் படிப்பவர்களுக்கு ஐந்து விநாடி, ஆகக் கடைசியில் வந்தவருக்குப் பதினொன்றரை. மேலே ஒரு அரை விநாடி இவர் அன்பளிப்பு.

"வேகமாப் படிக்கறவரு காத்திருக்கலாங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டாரு. மெதுவாப் படிக்கறவருக்குத்தான் நேரம் வைக்கணும். பாதி படிக்கறப்ப பக்கத்தப் புரட்டறதும், சாப்பிடறவன் முன்னாடி இருந்து தட்ட இழுக்கறதும் ஒண்ணுதான்."

வீட்டிலும் இதே பாடுதான். மனைவி பேசினால் அவள் உதட்டைத்தான் பார்ப்பார். "மூஞ்சியப் பாருங்க! நான் என்ன டிவியா?" என்று அவள் எரிந்து விழாத நாள் இல்லை. அவள் பேசி முடித்த பிறகும் இவர் வாயைத் திறக்க மாட்டார். இன்னும் ஏதாவது வரி பாக்கி இருக்கிறதோ என்று காத்திருப்பார். வாழ்க்கையில் இவரோடு சண்டை போட முயன்று அவள் தோற்றதற்குக் காரணமும் அதுதான். "பொண்ணு பாக்க வந்தப்ப பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. இவர் பதில் சொல்றதுக்குள்ள எங்கப்பா இன்னொரு மாப்பிள்ளையே பாத்து முடிச்சிருப்பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். இவர் அதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சிரிப்பார்.

இந்தக் கூடத்துக்கு வருவதற்கு முன் பதினாலு வருடம் கீழ்த்தளத்துக் கோப்பு அறையில் இருந்தார். ஜன்னல் இல்லாத அறை. நோயாளிகளின் எண்களைத்தான் தெரியும், முகங்களைத் தெரியாது. ஏழு வருடத்துக்கு முன் பழைய மேலாளர் ஏதோ நல்ல மனநிலையில் இவரை மேலே பதிவுப் பிரிவுக்கு மாற்றினார். மேலே வந்த இரண்டாம் மாதம் டிவி இவர் கைக்கு வந்தது. ஒருநாள் ஒரு அம்மா ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நாலு வருடமாக ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாமல் இருந்தவர். டிவியைப் பார்த்தார், முதல் ஸ்லைடைச் சத்தமாகப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், இருபத்திரண்டையும் படித்து முடித்தார். சுற்று மறுபடி தொடங்கியதும் அவரும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பன்னெண்டார் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழுதார். அதிலிருந்து யார் என்ன கேலி செய்தாலும் அவர் காதில் ஏறுவதில்லை.

போன மாதம் புது மேலாளர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டிக்காரி, வேகமாக நடப்பவர், மாடிப்படியில் இறங்கும்போதே மூன்று பேருக்கு வேலை சொல்லிவிடுவார். கூடத்தின் நடுவில் நின்று இரண்டு ஸ்லைடு பார்த்தார். மூன்றாவதற்குப் பொறுமை இல்லை.

"என்ன சார், தூங்குது! யார் இத வச்சது?"

"நான்தான் மேடம்."

"நாலு செகண்ட் போதுமே. பன்னெண்டு எதுக்கு?"

பன்னெண்டார் வழக்கம்போல, அவர் பேசி முடித்துவிட்டாரா என்று காத்திருந்தார். அதற்குள் அந்த அம்மா பத்தடி போய்விட்டார். மறுநாள் காகிதம் வந்தது. வெளியில் ஒரு கம்பெனி வீடியோ செய்து தருகிறதாம். வெள்ளிக்கிழமை இரண்டையும் கூடத்தில் ஓட்டிப் பார்ப்பதாம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஓடத் தொடங்கியபின் யாரும் கை வைக்கக் கூடாது. தானாக ஓட வேண்டிய ஒன்று தானாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பெரிய டாக்டர் நேரில் வந்து பார்த்துச் சொல்வார். கடைசியில் ஒரு வரி இருந்தது: கம்பெனி வீடியோ வந்துவிட்டால் டிவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம், பதிவுப் பிரிவில் ஒரு ஆள் மிச்சம், அவர் கோப்பு அறைக்குத் திருப்பி அனுப்பப்படுவார்.

அந்த வரியை அவர் எத்தனை தடவை படித்தார் என்று சொட்டு மருந்து விடும் நர்ஸுக்குத்தான் தெரியும். "அண்ணே, போதும்ணே, காகிதம் கிழிஞ்சிடப் போகுது" என்று அவள்தான் பிடுங்கி மடித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சானை வீட்டுக்கு வரவழைத்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், குழாய் ரிப்பேர் செய்பவர். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, மற்றது காத்திருக்கிறது. எதைப் படித்தாலும் எழுத்தின் மேல் விரலை வைத்து, குழாயில் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதுபோலத் தடவித் தடவித்தான் படிப்பார். அவரைவிட மெதுவாகப் படிக்கும் ஆளைப் பன்னெண்டார் தன் ஆயுளில் பார்த்ததில்லை. அதனால்தான் அழைத்தார்.

ஸ்லைடு போடும் மென்பொருளில் ஒத்திகை என்று ஒரு வசதி உண்டு. நாம் படித்துப் படித்துத் தட்டிக்கொண்டே போனால், எந்த ஸ்லைடில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று அதுவே எழுதிக்கொள்ளும். பிறகு அதே நேரத்துக்குத் தானாக ஓடும். பன்னெண்டார் இத்தனை வருடம் அதைச் சீண்டியதில்லை, கைக்கடிகாரம்தான் அவருக்கு எல்லாம். ஆனால் மேடம் கடிகாரத்தை நம்ப மாட்டார்; கம்ப்யூட்டரே சொல்கிறது என்றால் மறுபேச்சு இருக்காது. அந்த எண்ணத்தில்தான் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் மச்சானை உட்காரவைத்தார்.

"படிங்க மச்சான். முடிஞ்சதும் கீபோர்டுல இந்த நீளக் கட்டையத் தட்டுங்க. அவசரமே வேண்டாம்."

"முடிஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ளை?"

"படிக்கறதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்லேன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அப்பச் சரி."

பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் படிப்பவருக்குப் பதற்றம் வரும் என்பது பன்னெண்டாரின் கொள்கை. ஆகவே தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். பின்னால் மச்சான் முணுமுணுத்துப் படிப்பதும் தட்டுவதும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணினார். எட்டுத் தட்டு கேட்டது. ஒன்பதாவது வரவில்லை. பாவம், மனுஷன் சிரமப்படுகிறார், படிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். மின்விசிறிக் காற்று இதமாக இருந்தது. அடுத்து அவருக்கு நினைவு வரும்போது பத்தாவதோ பதினொன்றாவதோ தட்டு விழுந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்ததும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மொத்தம் இத்தனை நிமிடம் ஆனது, இந்த நேரங்களைச் சேமிக்கலாமா என்று அது தெளிவாகத்தான் கேட்டது. மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், இவர் அவரை வழியனுப்பும் அவசரத்தில் இருந்தார். ஊரில் உள்ளவர்கள் படித்து முடிக்க ஏழு வருடம் காத்திருந்த மனிதர், அந்த ஒரு பெட்டியை மட்டும் படிக்காமல் "ஆமாம்" என்று அமுக்கிவிட்டார். இதற்கு என்ன சொல்ல!

வெள்ளிக்கிழமை காலை கூடம் நிரம்பி வழிந்தது. நூற்றைம்பது பேராவது இருப்பார்கள். பாதிப் பேருக்கு மருந்து விட்டாகிவிட்டது. சீக்கிரமே வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்றிருந்தார் பன்னெண்டார். அவருக்கு முன்பே கம்பெனிக்காரர் வந்து, பெட்டியைத் திறக்கச் சொல்லி, தன் வீடியோவைப் போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் டை கட்டிய, மரியாதையான மனிதர். பெரிய டாக்டர் ஆபரேஷன் அறையிலிருந்து நேராக வந்து கூடத்தின் ஓரமாக நின்றார். மேலாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

வீடியோ பளபளவென்று இருந்தது. வெள்ளை வெளேரென்ற பின்னணியில் எழுத்துகள் இடமிருந்து பாய்ந்தன, வலமிருந்து குதித்தன, படிப்பதற்குள் சுக்கு நூறாகச் சிதறின. கலர் நன்றாக இருக்கிறது என்று சிலர் சொல்லத்தான் செய்தார்கள். மருந்து விட்டவர்கள் கையை நெற்றியில் குடையாக வைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் "யாருப்பா அது மூஞ்சில லைட் அடிக்கறது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மேலாளர் அம்மா அதைக் கவனித்தார்.

அடுத்து பன்னெண்டாரின் முறை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் ஸ்லைடுகளை ஓடவிட்டுப் பெட்டியைப் பூட்டிவிட்டுத் தூணருகே போய் நின்றார். முதல் ஸ்லைடு பதினாலு விநாடி. இரண்டாவது பதின்மூன்று. மச்சான் மச்சான்தான் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டார். எட்டு ஸ்லைடும் தாளம் தப்பாமல் வந்துபோயின. ஒன்பதாவது வந்தது.

"கண்ணைக் கசக்காதீர்கள். பக்கத்தில் யாராவது கசக்கினால் அன்பாகத் தடுத்து நிறுத்துங்கள்."

வந்தது, நின்றது. இருபது விநாடி ஆயிற்று, நாற்பது ஆயிற்று. ஒரு நிமிடம் தாண்டியதும் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது நிமிடத்தில் கம்பெனிக்காரர் மெல்ல இருமிவிட்டு, "ஹேங் ஆயிடுச்சு போல" என்றார்.

"என்ன சார் இது?" என்றார் மேலாளர் அம்மா.

"மெதுவாப் படிக்கறவருக்காக வச்சது மேடம்" என்றார் இவர்.

சாவி பையில்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து எஸ்கேப்பை ஒரு அமுக்கு அமுக்கினால் தீர்ந்தது. ஆனால் கை வைக்கக் கூடாது என்பதல்லவா போட்டியே! வைத்தால் அந்த நிமிடமே தோல்வி, வைக்காவிட்டால் பதினைந்தாவது நிமிடத்தில் தோல்வி. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், அன்னிக்கு ஒன்பதாவது ஸ்லைடுல என்ன பண்ணீங்க?"

"எது மாப்பிள்ளை?"

"கண்ணக் கசக்காதீங்கன்னு வந்துதே, அது."

"ஓ, அதுவா! அத ரெண்டாவது வரி படிக்கறப்ப தங்கச்சி டீ ஆறுதுன்னு கூப்பிட்டா. எழுந்து போனேன்."

"எழுந்து போனீங்களா! எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீங்க சுவத்தப் பாத்துக் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. ஏதோ பிரார்த்தனை போலன்னு தொந்தரவு பண்ணல."

"சரி, டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"டீ என்ன, ரெண்டு வாய்தான். அப்புறம் தங்கச்சியோட பேச்சு."

"என்ன பேச்சு அவ்வளவு நேரம்?"

"உங்களப் பத்தித்தான் மாப்பிள்ளை. பேச ஆரம்பிச்சா அதுக்கு ஒரு முடிவு இருக்கா?"

பன்னெண்டார் போனைப் பையில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்தார். கோப்பு அறையின் வாடை இப்போதே மூக்கில் ஏறியது. ஏழு வருடம், ஒரு நாளைக்கு நூற்றொன்பது சுற்று, எல்லாம் ஒரு கோப்பை டீயில் போயிற்று என்று அவருக்குக் கண் கலங்கியது. பாவம், அந்த மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அதனால்தான் கூடத்தில் நடந்துகொண்டிருந்ததை அவர் கடைசியாகப் பார்த்தார்.

இரண்டாவது வரிசையில் ஒருவர் வழக்கம்போல முஷ்டியை மடக்கிக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் இருந்த அம்மா, முன்பின் தெரியாதவர், டிவியைக் காட்டி, "வேண்டாங்க, போட்டிருக்காங்க பாருங்க" என்றார். அவர் கையை இறக்கினார். இறக்கியவர் சும்மா இருப்பாரா? தன் பங்குக்கு முன்வரிசையில் ஒருவரைப் பிடித்தார். அவர் வேறொருவரைப் பிடித்தார். நாலாவது நிமிடத்தில் கூடமே காவல் காக்கத் தொடங்கிவிட்டது. வேறு ஸ்லைடு வந்திருந்தால் பராக்குப் பார்த்திருப்பார்கள். இது நகருகிற வழியாக இல்லை. ஒரு கணவர் கையை மூக்குவரைதான் கொண்டுபோனார், மூக்கைத்தான் சொறிய நினைத்தாரோ என்னவோ, மனைவி லபக்கென்று பிடித்துவிட்டார். "முப்பது வருஷமா நான் சொல்லி ஒண்ணையாவது கேட்டிருக்கீங்களா? இப்ப டிவியே சொல்லுது!" அந்த அம்மாவின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கணவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

சொட்டு மருந்து நர்ஸ் மருந்துப் புட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு நாளும் "கசக்காதீங்க, கசக்காதீங்க" என்று தொண்டை கட்டக் கத்துகிறவள் அவள்.

பெரிய டாக்டர் அன்று விடியலிலிருந்து ஏழு ஆபரேஷன் முடித்திருந்தார். நின்றபடியே களைப்பில் கண்ணாடியைத் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு கண்ணிலும் வைத்து ஒரு அழுத்து அழுத்தித் தேய்த்தார்.

"டாக்டர் ஐயா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அடுத்த நொடி கூடம் முழுக்க, "கைய எடுங்க! கைய எடுங்க டாக்டர்!"

"அன்பா, அன்பா! அன்பாத்தான் சொல்லணும்னு போட்டிருக்கு" என்று ஒரு பெரியவர் எல்லாரையும் அடக்கினார்.

பெரிய டாக்டர் திடுக்கிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர்போல ஒரு அசட்டுச் சிரிப்பு. பிறகு டிவியைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், ஒரு கைகூடக் கண்ணுக்குப் பக்கத்தில் இல்லை. தூணருகே நின்ற பன்னெண்டாரிடம் வந்தார்.

"இந்த ஸ்லைடு எவ்வளவு நேரம் நிக்கும்?"

"தெரியாது சார். பத்து நிமிஷத்துக்கு மேல இருக்கும்னு நினைக்கறேன்."

"வேணும்னே இவ்வளவு நேரம் வச்சீங்களா?"

டாக்டரின் தோளுக்குப் பின்னால் நர்ஸ் தலையைப் பலமாக மேலும் கீழும் ஆட்டினாள். ஆமான்னு சொல்லுங்கண்ணே, ஆமான்னு சொல்லுங்க! மேலாளர் அம்மாகூட நம்புகிற முகத்தோடுதான் நின்றார். ஒரு "ஆமாம் சார்" போதும், கோப்பு அறை ஏழு கடல் தாண்டிப் போய்விடும். பன்னெண்டார் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் பல்லைக் கடித்தாள். பன்னிரண்டு விநாடி இருக்கும்.

"இல்ல சார். தப்பு நடந்துபோச்சு. நேரம் குறிக்கறதுக்கு எங்க மச்சானப் படிக்க வச்சேன். அவர் நடுவுல டீ குடிக்கப் போயிட்டாரு. நான் சுவத்தப் பாத்து உக்காந்தவன் தூங்கிட்டேன். கடைசில கம்ப்யூட்டர் கேட்டுது, அதையும் படிக்காம அமுக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, உண்மையை முழுக்கச் சொல்லிவிடுவதே நல்லது என்று சேர்த்துக்கொண்டார்: "டீ ரெண்டு வாய்தானாம் சார். மிச்சம் என்னப் பத்திப் பேசின நேரம்."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். மேலாளர் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பெரிய டாக்டரின் தோள் முதலில் குலுங்கியது, அப்புறம் வயிறு. அவர் சிரித்து இந்தக் கூடம் பார்த்ததில்லை.

"அம்மா," என்றார் மேலாளரைப் பார்த்து, சிரிப்பினூடே வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு, "கம்பெனிக்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பிடுங்க. இந்தப் பெட்டி இவர்கிட்டயே இருக்கட்டும், இவரும் இங்கயே இருக்கட்டும். எல்லா ஸ்லைடுக்கும் இவர் சொல்ற பன்னெண்டு. இது ஒண்ணுக்கு மட்டும் மச்சான் குடிச்ச டீ!"

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலது கை தானாக மேலே எழுந்து, கண்ணாடிக்கு அடியில் போயிற்று.

பெரிய டாக்டர் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விடும் மனிதர் பன்னெண்டார். அவர் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. டாக்டர் கையை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. திரையில் ஒன்பதாவது ஸ்லைடு மாறும்வரை, இரண்டு கையாலும், மிகவும் அன்பாக, பன்னெண்டார் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.